காட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள்: வட உகாண்டாத் திருச்சபை வரலாற்றில் ஓர் அதிகாரம்

போர் ஓய்ந்த நாடுகளில் திருச்சபைக்குரிய பணி யாது என்று வினவினால், ஒப்புரவு என்னும் விடையே நமக்கு உடனடியாகத் தோன்றுகிறது. பவுலடியாரின் நிருபங்களில் அச்சொல் பெற்றுள்ள இடம் அத்தகையது. ஆயினும் குற்றம் புரிந்தவரும் குற்றத்திற்கு ஆளானவரும் ஒரே ஆளாய், அதுவும் பன்னிரண்டு வயதுச் சிறுவனாய் நம்முன் வந்து நிற்கும்போது, யாரை யாரோடு ஒப்புரவாக்குவது? வட உகாண்டாவின் அச்சோலி நாட்டுத் திருச்சபை இவ்வினாவை நூலகத்தில் சந்திக்கவில்லை. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் ஆலய வாசலிலேயே சந்தித்தது. அது கண்ட விடைகளுள் சில நம் இறையியல் சிந்தனைக்கு உரம் சேர்ப்பவை, சில அரைகுறையானவை. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெயும் சிலுவை அடையாளமும்

1986 ஜனவரியில் யோவேரி முசெவேனியின் படையினர் தலைநகரான கம்பாலாவைக் கைப்பற்றினர். வீழ்ந்த அரசின் இராணுவத்தில் வடபகுதியாரான அச்சோலி இனத்தவர் பலர் இருந்தனர். அவர்கள் தோல்வியோடும் அச்சத்தோடும் ஊர் திரும்பினர். அவர்களைத் தொடர்ந்து வடக்கே வந்த புதிய அரசின் படையினர் இழைத்த கொடுமைகளும் குறைந்தவையல்ல. அந்நிலையில் ஆலிஸ் லக்வேனா என்னும் பெண் தூய ஆவியின் ஏவுதல் தமக்கு உண்டென அறிவித்து ஒரு படையைத் திரட்டித் தெற்கு நோக்கி நடத்திச் சென்றார். 1987-இல் ஜின்ஜா நகருக்கருகே அப்படை முறியடிக்கப்பட்டது. அதன்பின் ஜோசப் கோனி என்பவர் நடத்திய இயக்கமே ‘ஆண்டவரின் எதிர்ப்புப் படை’ எனப் பின்னாளில் பெயர் பெற்றது. பத்துக் கட்டளைகளின்படி நாட்டை ஆள்வதே தம் நோக்கம் என்று அவர் கூறிவந்தார்.

மக்கள் அவரைத் தாமாகப் பின்செல்லவில்லை. ஆகவே அவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார். இரவில் குடிசைகளைச் சூழ்ந்து, சுமை தூக்கவும் போரிடவும் சிறுவரையும், படைத்தலைவர்களுக்கு ‘மனைவியராக’ வழங்கச் சிறுமியரையும் கவர்ந்து சென்றனர். இருபதாயிரத்திற்குக் குறையாத சிறுவர் சிறுமியர் என்பது பல ஆண்டுகளாகக் கூறப்பட்டுவந்த மதிப்பீடு. சில நாட்களுக்கு மட்டும் பிடித்து வைக்கப்பட்டோரையும் இளைஞரையும் சேர்த்துக் கணக்கிட்ட பிந்திய ஆய்வொன்று 60,000-க்கும் மேல் என்று கூறுகிறது. தப்பியோட முயன்ற சிறுவனை உடனிருந்த சிறுவர்களைக் கொண்டே அடித்துக் கொல்லச் செய்தல் அங்கு வழக்கமாயிருந்தது. சிலர் தம் சொந்த ஊராரையே தாக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். இனி வீட்டில் தனக்கு இடமில்லை என்று பிள்ளை தானாகவே நம்பிவிட வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. காவல் வைப்பதைவிட இது மலிவானது.

இங்கே இறையியல் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிடிபட்ட பிள்ளைகளுக்கு ஷியா மரத்தின் விதையிலிருந்து எடுத்த எண்ணெயால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இட்டனர். சில நாட்கள் அதனைக் கழுவலாகாது என்று கட்டளையிட்டனர். அவ்வெண்ணெய் அச்சோலி இல்லங்களில் ஆசி வழங்கப் பயன்படுவது, சிலுவையோ திருச்சபையினுடையது. இரண்டும் இணைந்து ஒரு சிறைச் சங்கிலியாயின. ஓடினால் ஆவி உன்னைக் கண்டுபிடித்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது, அவர்களும் நம்பினர். வேறு வகையாகச் சொன்னால், இப்பிள்ளைகள் ஒரு பொய்யான திருமுழுக்கினால் அப்படையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் திரும்பிவந்தபோது, எண்ணெய்க் கிண்ணத்தோடும் சிலுவையோடும் தம்மை அணுகிய குருவானவரை எத்தகைய கண்களால் பார்த்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அடையாளங்கள் தம்மளவிலேயே தூயவை, எவர் கையிலும் அவை கறைபடா என்று கற்பிக்கும் அருட்சாதன நூல்கள் இவ்விடத்தில் நமக்கு அதிகம் உதவுவதில்லை.

லிரா நகரின் தாய்மார்

1996 அக்டோபர் 10-ஆம் நாள் விடியுமுன், அபோகே என்னும் ஊரிலுள்ள தூய மரியாள் பெண்கள் கல்லூரியிலிருந்து 139 மாணவியர் கடத்தப்பட்டனர். துணைத் தலைமையாசிரியையான ரக்கேலே ஃபசேரா என்னும் இத்தாலியத் துறவி, ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அப்படையைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் நடந்தார். படைத்தலைவனிடம் மன்றாடி 109 பேரை மீட்டுக்கொண்டு வந்தார். முப்பது பேரை அவன் தரவில்லை. நூற்றியொன்பதுபேர் மீண்ட செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. எஞ்சிய முப்பதுபேரின் வரலாறே நம் பொருளுக்கு அதிகம் வேண்டுவதாகும்.

அம்முப்பது பேரின் பெற்றோர் லிரா நகரில் ஜெபத்திற்காகக் கூடிவந்தனர். அவர்களுள் ஒருவரான ஆஞ்சலினா அட்யம் பிற்காலத்தில் பல மேடைகளில் கூறிய செய்தி இது: பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவருகையில், பிறர் குற்றங்களை மன்னிப்பது பற்றிய பகுதி வந்ததும் அவர்களால் தொடர முடியவில்லை, ஜெபம் பாதியில் நின்றது. அந்நின்றுபோன ஜெபத்திலிருந்தே ‘அக்கறையுள்ள பெற்றோர் சங்கம்’ வளர்ந்தது. அவர்கள் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் குரலெழுப்பலாயினர். அட்யம் அம்மையார் தம் மகளை வைத்திருந்த படைத்தலைவனின் தாயைத் தேடிச்சென்று, அவனையும் அவன் குலத்தாரையும் தாம் மன்னித்ததாக அறிவித்தார். பின்னர் அவர் பேசுவதை நிறுத்தினால் அவருடைய மகளை மட்டும் விடுவிப்பதாகப் படையினர் செய்தி அனுப்பினர். எல்லாப் பிள்ளைகளும் வரவேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். தம் குடும்பத்தாரே அவரைக் கடிந்துகொள்ளத்தக்க முடிவு அது. மகள் 2004-இல் இரு ஆண் குழந்தைகளோடு தப்பிவந்தார்.

அம்மையார் மன்னித்தது யாரை என்பதை நோக்குக. கடத்தியவனையும் அவன் குலத்தாரையுமே மன்னித்தார். கடத்தப்பட்ட மகளுக்கு மன்னிப்பு என்னும் பேச்சே எழவில்லை. இவ்வேறுபாட்டை அந்நாட்டின் சட்டம் காக்கவில்லை. திருச்சபைத் தலைவர்களும் எப்போதும் காத்தார்கள் என்று சொல்ல இயலாது.

மன்னிப்புச் சான்றிதழ்

அச்சோலி நாட்டில் ஆங்கிலிக்கன், உரோமன் கத்தோலிக்க, இஸ்லாமியத் தலைவர்கள் கூடி அமைதிக்கான கூட்டமைப்பு ஒன்றை 1998-இல் முறையாகத் தொடங்கினர். அவர்களுள் கிட்கும் பேராயத்தின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான மக்லியட் பேக்கர் ஒச்சோலா தனித்துக் குறிப்பிடத்தக்கவர். அவருடைய மகள் 1987-இல் கலகக்காரரால் கெடுக்கப்பட்டு, அதன்பின் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். மனைவி 1997 மே மாதத்தில் கண்ணிவெடியில் மாண்டார். அத்தகைய ஒருவரே பொதுமன்னிப்புச் சட்டம் வேண்டும் என்று அரசிடம் வாதாடினார். 2000-ஆம் ஆண்டில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. படைக்கலம் துறந்து வருவோர்மேல் வழக்கில்லை. வீடு திரும்புவதற்குச் சிறு தொகை, மெத்தை, போர்வை, மண்வெட்டி, விதை ஆகியன வழங்கப்படும். காலப்போக்கில் பல்வேறு கலகப் படைகளைச் சேர்ந்த 26,000-க்கும் மேற்பட்டோர் இதனால் பயன்பெற்றனர்.

இக்கூட்டமைப்பின் தொண்டைச் சிறிதாக எண்ண இடமில்லை. 2004-இல் மாலைதோறும் ஏறத்தாழ 40,000 பிள்ளைகள் கடத்தலுக்கு அஞ்சித் தம் ஊர்களிலிருந்து நகரங்களுக்கு நடந்துவந்து, ஆலயத் தாழ்வாரங்களிலும் மருத்துவமனை முற்றங்களிலும் உறங்கி, விடியலில் திரும்பிச் சென்றனர். அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதத்தில் கத்தோலிக்கத் தலைமைப் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமாவும் உடன் தலைவர்களும் குலு நகரப் பேருந்து நிலையத்தில் அப்பிள்ளைகளோடு நான்கு இரவுகள் வெறுந்தரையில் படுத்திருந்தனர். அந்நான்கு இரவுகள் செய்ததைப் பல அறிக்கைகள் செய்யவில்லை.

எனினும் அச்சட்டத்தின் ஒரு கூறு நம்மை நிறுத்தி எண்ணச் செய்கிறது. உகாண்டாவில் குற்றப் பொறுப்புக்குரிய வயது பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளையும் மன்னிப்புச் சான்றிதழ் பெறுவதற்குரியதாயிற்று. வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட ஒரு சிறுமி, தான் கலகத்தைக் கைவிட்டதாக அறிவித்துக் கையொப்பமிட வேண்டும். நடைமுறையில் அச்சீட்டு அவளுக்குப் பாதுகாப்பு அளித்தது உண்மையே; சாலையில் இராணுவத்தார் நிறுத்தினால் காட்டுவதற்கு அது வேண்டியிருந்தது. ஆனால் மன்னிப்பு என்னும் சொல் தன்னோடு குற்றம் என்னும் சொல்லையும் கொண்டுவருகிறது. நம் பிரசங்க மேடைகளிலும் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் இளைய குமாரனை எடுத்துக்காட்டும் வழக்கம் உண்டு. அவன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானாகப் போனவன். இவர்களோ பிடித்துச் செல்லப்பட்டவர்கள். திருமறையில் இவர்களுக்கு நெருங்கியவன் சகோதரரால் விற்கப்பட்ட யோசேப்பே. யோசேப்பின் வரலாற்றில் மன்னிப்பு வேண்டுவோர் சகோதரர்.

முட்டையை மிதித்தல்

அச்சோலி மரபில் நெடுநாள் வெளியே இருந்து வீடு திரும்புவோருக்கு ஒரு சடங்கு உண்டு. வாசலில் வழவழப்பான பட்டையுடைய ஓபோபோ மரக்கிளையும், தானியக் குதிரின் மூடியை உயர்த்தும் கோலும் கிடத்தப்படும். இடையே ஒரு பச்சை முட்டை. திரும்பி வந்தவர் முட்டையை மிதித்து உடைத்து, கோலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். முட்டைக்கு வாயில்லை, அது எவரையும் பழித்துரையாது என்று மூத்தோர் விளக்குவர். வழவழப்பான மரப்பட்டை அழுக்கைக் களைவது. குதிரைத் திறக்கும் கோலின் பொருள் விளக்கம் வேண்டாதது: இவ்வீட்டுச் சோற்றில் உனக்குப் பங்குண்டு. போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இச்சடங்கு தனித்தனிக் குடும்பங்களிலும், மரபுத் தலைவர்களின் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒருங்கேயும் நடைபெற்றது.

கொலைப்பழி தீர்க்கும் ‘மாத்தோ ஓபுத்’ என்னும் சடங்கு இதனின் வேறானது. கொன்றவனின் குலமும் இறந்தவனின் குலமும் கூடி, குற்றம் ஒப்புக்கொண்டு, ஈடு செலுத்தி, கசப்பான வேர்ச் சாற்றை ஒன்றாகப் பருகுவது அது. வெளிநாட்டு ஆய்வாளர் பலர் இரண்டையும் ஒன்றாக்கி, அச்சோலி மக்களிடம் எல்லாவற்றிற்கும் ஒரு மருந்து இருப்பதாக எழுதினர். பல மைல்களுக்கு அப்பால், பெயரறியாத ஊரில், பெயரறியாத ஒருவரைக் கொல்லும்படி கட்டாயப்படுத்தப்பட்ட சிறுவன் எக்குலத்தோடு அமர்ந்து பருகுவான்?

திருச்சபையில் இது பற்றி ஒருமித்த கருத்து இல்லை. கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் பெரும்பாலும் இச்சடங்குகளுக்கு இசைந்தனர். சிலர் பங்கும் பெற்றனர். பெந்தெகொஸ்தே சபையார் பலர் இவற்றைச் சாத்தானுக்குரியவை என்று விலக்கினர். பிள்ளைகளை வரவேற்று மருத்துவமும் ஆறுதலும் அளித்த இல்லங்களிலும் இவ்வேறுபாடு தெரிந்தது. குலுவில் வேர்ல்டு விஷன் 1995 முதல் நடத்திய இல்லத்தில் ஜெபத்திற்கு முதலிடம் இருந்தது; உள்ளூர் மக்கள் 1994-இல் தொடங்கிய குஸ்கோ இல்லம் மரபுச் சடங்குகளுக்கும் இடங்கொடுத்தது. கொல்லப்பட்டோரின் ஆவி தம்மைத் தொடர்வதாகப் பிள்ளைகள் இரவில் அலறினர். அச்சோலி மொழியில் அதற்குச் ‘சென்’ என்று பெயர். அதனை ஆவி என்று ஓட்டுவதா, மனக்காயம் என்று ஆற்றுவதா என்று பெரியோர் வாதிட்டுக்கொண்டிருக்கையில், உறங்காத பிள்ளையின் அருகே உறங்காமல் அமர்ந்திருந்தவர்கள் அவ்வில்லங்களில் பணிபுரிந்த பெண்களே. இவ்வாதத்தில் நான் எப்பக்கமும் சாரவில்லை. ஒன்று மட்டும் கூறலாம்: முட்டைச் சடங்கில் பிள்ளையிடம் அறிக்கை கேட்கப்படுவதில்லை, குதிர் திறக்கப்படுகிறது. நம் வழிபாட்டு நூல்களில் இதற்கு ஈடான ஒழுங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஊராரின் அச்சத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். 1977 பிப்ரவரி 16-ஆம் நாள் இடி அமீனின் ஆட்சியில் கொல்லப்பட்ட தலைமைப் பேராயர் ஜனானி லுவும் பிறந்ததும் அடக்கம் பண்ணப்பட்டதும் முச்வினி என்னும் ஊரில். அதே ஊரில் 2002 ஜூலை 24-ஆம் நாள், கடத்தப்பட்ட ஒருவர் தப்பிவிட்டதற்குப் பழியாகக் கலகப் படையினர் 56 பேரைக் கொன்றனர். ஒருவர் வீடு திரும்பியதற்கு ஊரே கொடுத்த விலை அது. அதனால் அவ்வூரின் குலங்களுக்கிடையே எழுந்த பகை பல ஆண்டுகள் ஆறவில்லை. திரும்பும் பிள்ளையை ஏற்கத் தயங்கியோரைக் கல்நெஞ்சர் என்று நாம் எளிதில் தீர்ப்பிடலாகாது.

பள்ளியும் நிலமும்

வீடு திரும்பினர் என்று எழுதுகிறோம். உண்மையில் பெரும்பாலோர் திரும்பியது முகாமுக்கு. 1996 முதல் அரசு மக்களைத் தத்தம் ஊர்களிலிருந்து பெயர்த்து முகாம்களில் நெருக்கி வைத்தது. 2005 அளவில் அச்சோலி மக்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அங்கேயே வாழ்ந்தனர். உழ நிலமின்றி, உதவித் தானியத்திற்குக் காத்திருந்த ஒரு சமுதாயத்தோடு பிள்ளையைச் சேர்ப்பதே அன்று மறுவாழ்வு எனப்பட்டது.

2005-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் ஜீனி ஆனன், கிறிஸ்டபர் பிளாட்மன் என்னும் ஆய்வாளர்கள் இளைஞர்களிடையே நடத்திய விரிவான ஆய்வு எதிர்பாராத சில முடிவுகளைத் தந்தது. திரும்பியோருள் பெரும்பாலோரைக் குடும்பத்தார் ஏற்றுக்கொண்டனர். ஒதுக்கப்படுவது அஞ்சிய அளவுக்கு இல்லை. கடும் மனத்துயர் எல்லாரிடமும் காணப்படவில்லை. மிகக் கொடிய வன்முறையை அனுபவித்தோரிடமே அது செறிந்திருந்தது. கடத்தப்பட்டு மீண்டோர் மற்றவரைவிட வாக்களிப்பதிலும் ஊர்ப் பொறுப்பு ஏற்பதிலும் முன்னின்றனர். அவர்கள் இழந்தது வேறு: பள்ளியில் கழிய வேண்டிய ஆண்டுகள். எழுத்தறிவிலும் கூலியிலும் அவர்கள் பின்தங்கினர். கூலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வரவேற்பு இல்லங்களில் சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் அளித்து அனுப்பியபின், வீடுதேடிச் சென்று பார்த்தவர் சிலரே. பதினேழு வயதில் நான்காம் வகுப்புப் பலகையில் அமர நாணுகிறவனுக்கு எவ்வகைக் கல்வி கொடுப்பது என்பதில் திருச்சபை காட்டிய அக்கறை, நன்றியறிதல் ஆராதனைகளில் காட்டிய அக்கறைக்கு ஈடாகவில்லை என்பதே என் கருத்து. மிஷனெரிகளின் காலத்தில் பள்ளிகளால் வேரூன்றிய திருச்சபைக்கு இது பொருந்தாக் குறை.

காலம் தவறினால் நேர்வது யாது என்பதற்கு டொமினிக் ஓங்வெனின் வாழ்க்கை சான்று. 1987 அளவில் பள்ளிக்குப் போகும் வழியில் சிறுவனாகக் கடத்தப்பட்ட அவர், அப்படையிலேயே வளர்ந்து தளபதியாகிப் பிற பிள்ளைகளைக் கடத்தினார். 2021 பிப்ரவரி 4-ஆம் நாள் ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவரை 61 குற்றங்களுக்குப் பொறுப்பாளியாகக் கண்டு, மே மாதத்தில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் கடத்தப்பட்ட பிள்ளை என்பது தண்டனையைக் குறைக்கும் காரணமாயிற்றே தவிர, குற்றத்தை நீக்கும் காரணமாகவில்லை. பதினான்கு வயதில் தப்பிவந்திருந்தால் அவருக்கும் வாசலில் ஒரு முட்டை காத்திருந்திருக்கும்.

சிறுமியரின் நிலையே இன்றளவும் தீராதது. பலர் தாய்மாராகத் திரும்பினர். அச்சோலி மரபில் பிள்ளையின் குலமும் நிலமும் தந்தை வழியே வருவன. மணக்கொடை செலுத்தாத, பெயர் சொல்லக் கூசும் ஒருவனுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் வீட்டில் நிலையான உரிமையில்லை. தாய் மறுமணம் செய்தால் புதிய கணவன் அப்பிள்ளையை ஏற்பது அரிது. ஆண் பிள்ளைகளானால், நிலத்தில் பங்கு கேட்பார்கள் என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது. ‘கோனியின் பிள்ளைகள்’ என்று அவர்களை ஏசினர். தாய்க்கு முட்டைச் சடங்கு நடந்தது. காட்டிலேயே பிறந்து, திரும்புவதற்கு ஒரு வீடே அறியாத குழந்தைக்கு எந்தச் சடங்கு? 2011-இல் இத்தாய்மார் தாமே ஒரு சங்கம் அமைத்தனர். 2014-இல் நாட்டின் பாராளுமன்றத்திற்கு மனு அளித்தனர். தம்மைச் சிறைவைத்தவனின் குலத்தாரைத் தேடிக் கண்டுபிடித்து, பிள்ளைகளை அவர்களிடம் அறிமுகப்படுத்தும் வேலையையும் மேற்கொண்டனர். பிள்ளைக்குக் குலமும் நிலமும் கிடைக்கும்பொருட்டு, மறக்க விரும்பிய வாசலையே அவர்கள் தட்டினர். சில குலங்கள் திறந்தன, சில திறக்கவில்லை.

2024 பிப்ரவரி 28-ஆம் நாள் ஓங்வென் வழக்கில் ஈடு வழங்கும் ஆணை பிறந்தது. ஏறத்தாழ 50,000 பேர் ஈடுபெறத் தக்கோர் எனக் கணக்கிடப்பட்டது. ஒவ்வொருவருக்கும் அடையாளத் தொகையாக 750 யூரோ. காட்டில் பிறந்த பிள்ளைகளும் அப்பட்டியலில் தம் பெயராலேயே இடம்பெறத் தக்கோர் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவர்களுள் மூத்தோர் இன்று இருபது வயதைக் கடந்து, தம் குழந்தைகளைத் திருமுழுக்கிற்குக் கொண்டுவரும் பருவத்தில் உள்ளனர். அங்குத் திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையின் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.